அப்பாவின் நடுக்கமும் குரங்கின் பழச்சாறும்: டோபமின் நியூரான்கள் உண்மையில் எதைச் சொல்கின்றன?

தாமிரபரணிக்கரை எழுதியது:

என் தந்தைக்கு வயது 68. ஆறு ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டு வருகிறார். தொடக்கத்தில் லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். சென்ற ஆண்டு அதனுடன் பிரமிபெக்சோல் என்ற மாத்திரையையும் சேர்த்தார்கள். அதன் பிறகு நடை தெளிந்தது, சட்டைப் பொத்தானை மறுபடியும் தாமே போட்டுக்கொள்ளத் தொடங்கினார். போன மாதம் மருத்துவர் அவரை நடக்கச் சொல்லிப் பார்த்தார், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னார், பிறகு அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் தணிந்த குரலில், "வீட்டில் சீட்டு, லாட்டரி, செல்போனில் ரம்மி என்று ஏதாவது புதிதாகத் தொடங்கியிருக்கிறாரா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. கல்யாண வீட்டில் சீட்டுக் கச்சேரி நடக்கும் பக்கம்கூட நாற்காலியைத் திருப்பிப் போடாதவர் என் அப்பா. வீட்டுக்கு வந்து வங்கிக் கணக்கைப் பார்த்தபோது சிரிப்பு நின்றது. நான்கு மாதங்களில் ஐநூறும் ஆயிரமுமாக 62,000 ரூபாய் ஒரு ரம்மி செயலிக்குப் போயிருந்தது.

டோபமின் குறைவதால் வரும் நோய் இது என்பது எனக்குத் தெரியும். ஆனால் எங்கே தேடினாலும் டோபமின் என்றால் 'மகிழ்ச்சி ரசாயனம்' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். மகிழ்ச்சிக்கான பொருள் குறைந்தால் கை ஏன் நடுங்க வேண்டும்? அதைச் சரிசெய்யக் கொடுத்த மாத்திரை ஒரு மனிதரை ஏன் சூதாட வைக்க வேண்டும்? மருத்துவரை நான் குறை சொல்லவில்லை, அவர் கேட்டதால்தான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. காரணத்தைப் புரிந்துகொள்ள விரும்புகிறேன். தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

முப்பது ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவன் என்ற முறையில் கதையின் முதல் பாதியை நான் சொல்கிறேன். இரண்டாம் பாதியைச் சொல்ல இங்கே நரம்பியலில் ஆய்வு செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

1950களின் நடுப்பகுதி வரை டோபமினை யாரும் பொருட்படுத்தவில்லை. நோரட்ரினலின் என்ற பொருளை உடல் தயாரிக்கும்போது இடையில் வந்துபோகும் ஒரு படி, அவ்வளவுதான் அதற்கு இருந்த மதிப்பு. அதை மாற்றியவர் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆர்விட் கார்ல்சன். அவர் கையில் எடுத்த கருவி நம் நாட்டுச் செடி ஒன்றிலிருந்து வந்தது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். சர்ப்பகந்தா வேரைப் பைத்தியத்துக்கு நம் வைத்தியர்கள் நெடுங்காலம் கொடுத்து வந்தார்கள். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்து வேதியியலாளர்கள் அதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தார்கள்.

ரெசர்பின் கொடுத்த முயல் காதுகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, தள்ளினாலும் நகராமல், மண்பிள்ளையார் போல உட்கார்ந்திருக்கும். அந்த மருந்து நரம்பு முனைகளில் சேமித்து வைத்திருக்கும் சரக்கையெல்லாம் காலி செய்துவிடுகிறது. எந்தச் சரக்கு தீர்ந்ததால் முயல் முடங்கியது என்பதுதான் கேள்வி. கார்ல்சன் அதற்கு எல்-டோபாவை ஊசி மூலம் செலுத்தினார். மூளைக்குள் போய் டோபமினாக மாறக்கூடிய பொருள் அது. சிறிது நேரத்தில் முயல் காதுகளை நிமிர்த்தி, கூண்டுக்குள் நடமாடத் தொடங்கியது. மூளையை எடுத்து அளந்து பார்த்தபோது நோரட்ரினலின் அப்படியே காலியாகக் கிடந்தது, நிரம்பியிருந்தது டோபமின்தான். 1957, 1958ஆம் ஆண்டுகளில் வெளிவந்த இந்த முடிவுகளை 1960இல் இலண்டனில் கூடிய பெரிய அறிஞர்கள் நம்ப மறுத்தார்கள். மூளையில் செய்தி போவது மின்சாரத்தால்தான் என்ற எண்ணம் அன்று அவ்வளவு உறுதியாக இருந்தது.

அதே 1960இல் வியன்னாவில் ஓலே ஹோர்னிகீவிச் தம் சக ஆய்வாளர் எரிங்கருடன் சேர்ந்து, பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையைச் சோதித்தார். ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில் டோபமின் மிகக் கடுமையாகக் குறைந்திருந்தது. மறு ஆண்டே அவரும் பிர்க்மையர் என்ற மருத்துவரும் எழ முடியாமல் கிடந்த நோயாளிகளுக்கு எல்-டோபாவை நரம்பில் ஏற்றினார்கள், அவர்கள் எழுந்து நடந்தார்கள். அந்த நடை சில மணி நேரமே நீடித்தது. 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்ஸியஸ் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டி வாய்வழியாகக் கொடுக்கும் முறையைக் கண்ட பிறகுதான் அது மாத்திரையாக வீடுகளுக்கு வந்தது. உங்கள் அப்பா காலையில் விழுங்கும் லெவோடோபா, அந்த முயலை எழுப்பிய அதே பொருள்தான். கார்ல்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது 2000ஆம் ஆண்டில்.

ஆகவே முதலில் டோபமின் நமக்கு அறிமுகமானது அசைவின் பொருளாகத்தான். மகிழ்ச்சி என்ற பட்டம் பின்னால் ஒட்டப்பட்டது.

நுண்நோக்கி எழுதியது:

ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். நான் எலிகளின் டோபமின் நியூரான்களை, அதாவது டோபமினை வெளிவிடும் நரம்பு செல்களை, பதிவு செய்யும் ஓர் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருப்பவள். எங்கள் ஆய்வகத்தில் நாங்கள் செய்யும் ஒவ்வொரு சோதனைக்கும் பின்னால் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஒரு மனிதர் நின்றுகொண்டிருக்கிறார்.

ஷுல்ட்ஸ் ஜெர்மானியர், மருத்துவம் படித்தவர். 1980களில் சுவிட்சர்லாந்தின் ஃப்ரைபூர்க் பல்கலைக்கழகத்தில் பார்க்கின்சன் நோயைப் புரிந்துகொள்ளும் நோக்கத்தோடு குரங்குகளின் நடுமூளையில் மெல்லிய மின்முனையை இறக்கி, தனித்தனி டோபமின் நியூரான்களின் துடிப்பைக் கேட்கத் தொடங்கினார். கேட்பது என்பதை நேர்ப்பொருளிலேயே சொல்கிறேன். மின்முனையை ஒலிபெருக்கியுடன் இணைத்துவிடுவோம். ஒவ்வொரு மின்துடிப்பும் 'டக்' என்று ஒரு சத்தமாக வரும். டோபமின் நியூரான் மற்றவற்றைப் போலப் படபடக்காது. விநாடிக்கு ஏறத்தாழ ஐந்து துடிப்புகள், அதுவும் ஒழுங்கற்ற இடைவெளியில், ஓட்டுக்கூரையில் மழை விட்டபின் சொட்டும் நீரைப் போல. அந்தச் சத்தம் பழகிவிட்டால், மின்முனை சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் காதே சொல்லிவிடும்.

டோபமின் இல்லாவிட்டால் அசைய முடியாது என்றால், குரங்கு கையை நீட்டும்போது இந்த நியூரான்கள் துடிக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தது நியாயமானது. எதிர்பார்த்தபடி எதுவும் நடக்கவில்லை. அவரும் ரனுல்ஃபோ ரோமோவும் 1990இல் வெளியிட்ட ஒரு சோதனையைப் பாருங்கள். குரங்கு தானே விரும்பும் நேரத்தில், உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டிக்குள் கையை விடுகிறது. அங்கே ஒரு கம்பியின் நுனியில் சில நேரம் ஆப்பிள் துண்டு இருக்கும், சில நேரம் வெறும் கம்பி மட்டும் இருக்கும். கை நகரும்போது நியூரான் தன் வழக்கமான சொட்டலைத் தொடர்ந்தது. விரல் ஆப்பிளைத் தொட்ட கணத்தில் மட்டும் மளமளவென்று துடித்தது. வெறும் கம்பியைத் தொட்டபோது துடிக்கவில்லை. இரண்டிலும் அசைவு ஒன்றுதான். நியூரானுக்கோ அவை ஒன்றாக இல்லை.

தேடியது கிடைக்காத இடத்தில் பலர் சோதனையை மூட்டை கட்டிவிடுவார்கள். அவர் கேள்வியை மாற்றினார். அடுத்து வந்தது இன்று எல்லாப் பாடநூலிலும் இருக்கும் சோதனை. குரங்கின் வாயில் எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுகிறது, நியூரான் துடிக்கிறது. பிறகு சாறு வருவதற்குச் சற்று முன்னால் ஓர் அடையாளத்தை, ஒரு விளக்கையோ ஒலியையோ, காட்டிப் பழக்குகிறார்கள். பலமுறை நடந்து முடிந்தபின் அந்த அடையாளம் தோன்றியவுடனேயே, ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள், நியூரான் துடிக்கிறது. சாறு வாயில் விழும்போதோ அது அசையாமல் இருக்கிறது. அதே சாறு, அதே இனிப்பு, அதே நாக்கு.

மூன்றாவது நிலைதான் என்னை இந்தத் துறைக்கே இழுத்தது. அடையாளத்தைக் காட்டிவிட்டுச் சாற்றைக் கொடுக்காமல் விட்டால், சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் நியூரான் தன் வழக்கமான துடிப்பையும் நிறுத்தி மௌனமாகிறது. அந்தக் கணத்தில் வெளியுலகில் எதுவுமே நிகழவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். ஒளி இல்லை, ஒலி இல்லை, தொடுகை இல்லை. வராத ஒன்றுக்கு ஒரு செல் பதில் சொல்கிறது. எப்போது வந்திருக்க வேண்டும் என்ற நேரக்கணக்கும் அதனிடம் இருக்கிறது.

கூட்டல்கழித்தல் எழுதியது:

நான் மென்பொருள் துறைக்காரன், உயிரியல் பள்ளியோடு நின்றது. ஆனால் சகோதரி சொன்ன மூன்று நிலைகளையும் ஒரே வரியில் எழுதிவிடலாம் என்பதால் குறுக்கிடுகிறேன்: பிழை = கிடைத்தது − எதிர்பார்த்தது.

எதிர்பார்ப்பு பூஜ்யம், சாற்றின் மதிப்பு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை பிழை 1. அந்தப் பிழையில் ஐந்தில் ஒரு பங்கை எதிர்பார்ப்பில் சேர்த்தால் எதிர்பார்ப்பு 0.2 ஆகிறது. இரண்டாம் முறை பிழை 0.8, எதிர்பார்ப்பு 0.36. மூன்றாம் முறை பிழை 0.64, எதிர்பார்ப்பு 0.488. இப்படியே போனால் எதிர்பார்ப்பு 1ஐ நெருங்கும், பிழை பூஜ்யத்தை நெருங்கும், கற்பதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. அன்று சாறு வராவிட்டால் பிழை −1. ரெஸ்கார்லாவும் வேக்னரும் 1972இல், நியூரானைப் பற்றி எதுவும் பேசாமல், விலங்குகளின் நடத்தையை மட்டும் வைத்து எழுதிய சூத்திரம் இது. கணினிகளுக்குக் கற்பிக்க சட்டனும் பார்ட்டோவும் இதையே நேரப் பரிமாணத்தோடு வளர்த்தெடுத்தார்கள். அதில் பரிசு வரும்போது தோன்றிய பிழை, பழகப் பழகப் பின்னோக்கி நகர்ந்து, பரிசை முன்னறிவிக்கும் அடையாளத்தின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஃப்ரைபூர்க்கில் குரங்கு செய்ததும் அதுதான். சூத்திரத்தை வைத்திருந்த பீட்டர் தயானும் ரீட் மாண்டேகும், பதிவுகளை வைத்திருந்த ஷுல்ட்ஸும் சேர்ந்து 1997இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில் இரண்டும் ஒன்றாயின.

தீபாவளி போனஸை நினைத்தால் எளிதாகப் புரியும். பத்தாயிரம் வரும் என்று இருந்து பத்தாயிரமே வந்தால் வீட்டில் யாரும் துள்ளுவதில்லை. எட்டாயிரம் வந்தால் முகம் தொங்கிவிடுகிறது, எட்டாயிரம் கையில் வந்திருந்தும்.

தாமிரபரணிக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. போனஸ் எடுத்துக்காட்டு மனத்தில் பதிந்துவிட்டது, ஆனால் அதே எடுத்துக்காட்டில் எனக்கு ஓர் ஐயம். பழகிய பரிசுக்கு நியூரான் பேசாது என்றால், நாற்பது ஆண்டுகளாகக் காலையில் குடிக்கும் காபி எனக்கு ருசிக்கக் கூடாது அல்லவா? இன்று காலையும் ருசித்ததே.

நுண்நோக்கி எழுதியது:

உங்கள் காபியே டோபமினுக்கு ஒட்டிய பட்டத்தைக் கிழிக்கிறது. ருசி வேறு இடத்தில் நடக்கிறது.

'மகிழ்ச்சி ரசாயனம்' என்ற பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டு. 1954இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓல்ட்ஸும் மில்னரும் எலியின் மூளையில் மின்முனையைப் பதித்து, ஒரு நெம்புகோலை அழுத்தினால் அங்கே சிறிது மின்சாரம் பாயும்படி செய்தார்கள். எலி ஓயாமல் அழுத்தியது. எலிக்கு அது இன்பமாக இருக்கிறது என்று எல்லாரும் எண்ணினார்கள். பின்னால் அந்தப் பாதைகளில் டோபமின் இருப்பது தெரிந்ததும், டோபமினே இன்பம் என்ற முடிவு தானாக வந்து சேர்ந்தது. எலியிடம் யாரும் கேட்கவில்லை.

கேட்டவர் மிஷிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ். கைக்குழந்தையின் நாக்கில் சர்க்கரை வைத்தால் உதட்டை நக்கும், கசப்பு வைத்தால் முகத்தைச் சுளிக்கும். எலியும் அப்படியே செய்யும். 1989இல் அவர் குழு ஒரு நச்சுப்பொருளால் எலிகளின் டோபமின் பாதையை ஏறத்தாழ முழுவதும் அழித்தது. அந்த எலிகள் முன்னால் உணவு இருந்தும் எடுத்து உண்ணவில்லை. இனிப்பு நீரை நேராக வாயில் விட்டபோதோ, மற்ற எலிகளைப் போலவே உதட்டை நக்கின. பிடித்திருக்கிறது, ஆனால் வேண்டும் என்று தோன்றவில்லை.

ஆகவே காபி நாக்கில் பட்டதும் வரும் சுகத்துக்கு டோபமின் தேவையில்லை. அடுக்களையில் டிகாஷன் மணம் எழுந்ததும் உங்களை நாற்காலியிலிருந்து எழுப்பி அந்தப் பக்கம் நடக்க வைக்கிறதே, அதில்தான் அதன் கை இருக்கிறது. இணையத்தில் 'டோபமின் விரதம்' இருக்கச் சொல்கிறவர்களைப் பற்றி இங்கே ஒன்றும் எழுதாமல் விடுகிறேன். எழுதத் தொடங்கினால் இழை திசை மாறிவிடும்.

மூலிகைத்தோட்டம் எழுதியது:

நண்பர்கள் எல்லாரும் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் பற்றியே எழுதுகிறீர்கள். வாத்தியார் ஐயா சர்ப்பகந்தாவைக் குறிப்பிட்டது மகிழ்ச்சி. ஆனால் பூனைக்காலி விதையிலேயே இயற்கையான எல்-டோபா இருக்கும்போது இந்த மாத்திரைகள் எதற்கு? தாமிரபரணிக்கரை நண்பர் தந்தைக்குப் பூனைக்காலிச் சூரணம் கொடுத்துப் பார்க்கலாம். சூதாட்ட புத்தியும் வராது.

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

பூனைக்காலியில் எல்-டோபா இருப்பது உண்மை, அதைப் பிரித்தெடுத்துக் காட்டியதும் நம் ஊரில்தான். 1937இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்திலிருந்து தாமோதரனும் ராமசாமியும் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். மூளையில் டோபமினுக்கு வேலை இருக்கிறது என்று கார்ல்சன் காட்டுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னால் நடந்தது இது. அதற்கும் முன்பே, 1913இல், சுவிட்சர்லாந்தில் குகன்ஹைம் என்ற வேதியியலாளர் ஒருவகை அவரையிலிருந்து அதைப் பிரித்து, இரண்டரை கிராம் தாமே விழுங்கி, கடுமையாக வாந்தி எடுத்த கதையும் உண்டு.

அந்த வாந்தியில்தான் விஷயம் இருக்கிறது. எல்-டோபா வயிற்றிலும் இரத்தத்திலும் போகும்போதே பெரும்பகுதி டோபமினாக மாறிவிடும். அப்படி மாறிய டோபமின் மூளைக்குள் நுழையாது, குமட்டலைத்தான் உண்டாக்கும். கார்பிடோபாவை மாத்திரையில் சேர்ப்பது இந்த மாற்றத்தை வழியிலேயே தடுப்பதற்காக. விதையில் அது இல்லை. 2004இல் எட்டு நோயாளிகளை வைத்து இலண்டனில் நடந்த ஓர் ஆய்வில் 30 கிராம் பூனைக்காலிப் பொடி வழக்கமான மாத்திரையைவிட விரைவாக வேலை செய்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அது அளந்து தரப்படுத்திய பொடி. கடையில் வாங்கும் சூரணத்தில் ஒரு கரண்டிக்கு எவ்வளவு எல்-டோபா என்று யாருக்கும் தெரியாது. ஏற்கெனவே லெவோடோபா எடுக்கிறவர் அதையும் சேர்த்துச் சாப்பிட்டால் அளவு எங்கே போய் நிற்கும்? மருத்துவரிடம் சொல்லாமல் இதைத் தொட வேண்டாம்.

மேலும் ஒன்று. இந்த வீட்டில் எங்களுக்குச் சந்தேகமாக இருக்கும் மாத்திரை லெவோடோபா இல்லை, பிரமிபெக்சோல். பூனைக்காலி அதற்கு மாற்றாகாது.

கூட்டல்கழித்தல் எழுதியது:

நானே புகழ்ந்த அந்த 1997 கட்டுரைமேல் நானே இரண்டு கேள்வி கேட்கிறேன். ஒன்று, சத்தத்தைக் கேட்டு அது டோபமின் நியூரான் என்று முடிவு செய்வது எப்படிச் சரியாகும்? பக்கத்திலேயே வேறு வகை நியூரான்களும் இருக்குமே. இரண்டு, பிழையும் துடிப்பும் ஒன்றாகப் போகின்றன என்பதால் துடிப்பால்தான் கற்றல் நடக்கிறது என்று ஆகுமா? சேவல் கூவும்போதெல்லாம் விடிகிறது, கூவுவதால் விடிவதில்லை.

நுண்நோக்கி எழுதியது:

இரண்டும் அந்தக் காலத்திலேயே எழுந்த கேள்விகள். துடிப்பின் வடிவம் அகலமாக இருக்கிறதா, வேகம் குறைவாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் அடையாளம் கண்டார்கள், அதில் பிழை நேர இடமுண்டு. 2012இல் ஹார்வர்டில் நவோஷிகே உச்சிதாவின் குழு, சுண்டெலியின் டோபமின் நியூரான்கள் மட்டும் ஒளிபட்டால் துடிக்கும்படி மரபணு வழியாகச் செய்துகொண்டு பதிவெடுத்தது. ஒளிக்குப் பதில் சொல்கிற செல் எதுவோ அதுதான் டோபமின் செல், காதை நம்ப வேண்டியதில்லை. அந்தச் செல்கள் பிழைக்கணக்கையே காட்டின. பக்கத்தில் இருந்த, மற்ற செல்களை அடக்கும் காபா வகை நியூரான்கள் எதிர்பார்ப்பின் அளவைத் தனியே சுமந்துகொண்டிருந்தன. கழித்தலுக்கு வேண்டிய இரண்டாம் எண் அங்கேயே இருந்தது என்று சொல்லலாம்.

சேவல் கேள்விக்கு 2013இல் விடை வந்தது. ஏற்கெனவே ஒலியால் முழுதாக முன்னறிவிக்கப்பட்ட இனிப்புக்கு முன்னால் ஒலியோடு ஒரு விளக்கையும் சேர்த்துக் காட்டினால், எலி அந்த விளக்கைக் கண்டுகொள்ளாது. பிழை இல்லாததால் கற்பதற்கும் ஒன்றும் இல்லை. ஆனால் இனிப்பு வரும் கணத்தில் ஒளியைப் பாய்ச்சி டோபமின் நியூரான்களைச் செயற்கையாகத் துடிக்க வைத்தபோது, எலி அந்த வீண் விளக்கையும் கற்றுக்கொண்டது. இல்லாத பிழையை இருப்பதாகச் சொன்னார்கள், மூளை நம்பியது.

இனி நடுக்கத்துக்கு வருகிறேன். ஷுல்ட்ஸ் கேட்டது ஒரு விநாடியின் ஐந்தில் ஒரு பங்குகூட நீடிக்காத வெடிப்புகளை. அவற்றுக்கு அடியில் விநாடிக்கு ஐந்து சொட்டாக விழுந்துகொண்டே இருக்கும் டோபமின், ஸ்ட்ரையேட்டத்தில் ஓர் அடிமட்ட அளவை எப்போதும் நிலைநிறுத்துகிறது. கிணற்றில் நீர்மட்டம் இருந்தால்தான் அலை எழும். பார்க்கின்சனில் இந்த நியூரான்களே இறந்துபோவதால் மட்டம் வற்றிவிடுகிறது. அசைவைத் திறந்துவிடும் நரம்புச் சுற்றும் அடக்கிவைக்கும் நரம்புச் சுற்றும் சமநிலை இழக்கின்றன. லெவோடோபா மட்டத்தை உயர்த்துகிறது, ஆகவே அலைகளின் நுட்பம் திரும்பாவிட்டாலும் நடை திரும்புகிறது. இதோடு ஷுல்ட்ஸுக்கு முதலில் அகப்படாததும் பின்னால் ஓரளவு அகப்பட்டது. 2018இல் ரூய் கோஸ்டாவின் குழு, சுண்டெலி தானாக நகரத் தொடங்குவதற்குச் சற்று முன் சில டோபமின் நியூரான்கள் துடிப்பதையும், அப்போது அவற்றை அடக்கினால் அசைவு தொடங்குவது குறைவதையும் காட்டியது. எல்லா டோபமின் நியூரானும் ஒரே வேலையைச் செய்யவில்லை என்பதே இன்று நாங்கள் ஆய்வகத்தில் பேசிக்கொள்வது. பிழைக்கணக்கை ஒற்றைச் சாவியாக எழுதும் பாடநூல்கள் சற்று முந்திக்கொள்கின்றன என்பது என் கருத்து.

இப்போது ரம்மி. பிரமிபெக்சோல் டோபமினாக மாறுவதில்லை. செல்லின் மேல் டோபமின் வந்து ஒட்டும் இடங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர்; அது நேராக அந்த ஏற்பிகளில், குறிப்பாக டி2, டி3 வகைகளில், போய் உட்கார்ந்துகொள்கிறது, மணிக்கணக்கில் நகராமல் இருக்கிறது. சாறு வராதபோது நியூரான் மௌனமாகிறது என்று எழுதினேன் அல்லவா? 'தப்பாகிவிட்டது, இனி இதை நம்பாதே' என்று மூளைக்குச் சொல்வது அந்த மௌனம்தான். அதை உணர்பவை பெரும்பாலும் இந்த டி2 வகை ஏற்பிகளே. மருந்து ஏற்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்போது நியூரான் மௌனமானாலும் அது போய்ச் சேருவதில்லை. ஜெயித்த ஆட்டம் பதிகிறது, தோற்ற ஆட்டம் பதிவதில்லை.

மைக்கேல் ஃப்ராங்க் 2004இல் பார்க்கின்சன் நோயாளிகளிடமே இதைச் சோதித்தார். மருந்து எடுக்காத நேரத்தில் அவர்கள் தவறுகளிலிருந்து நன்றாகக் கற்றார்கள், வெற்றிகளிலிருந்து அவ்வளவாக இல்லை. மருந்து எடுத்தபின் நிலைமை தலைகீழானது. 2010இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் 3,090 நோயாளிகளைக் கேட்டார்கள். சூதாட்டம், அளவுமீறி வாங்குதல், அளவுமீறி உண்ணுதல், காம வேட்கை ஆகிய கட்டுப்பாடிழந்த நடத்தைகளில் ஏதாவது ஒன்று, இவ்வகை நேரடி மருந்து எடுத்தவர்களில் 17.1 விழுக்காட்டினரிடமும் எடுக்காதவர்களில் 6.9 விழுக்காட்டினரிடமும் இருந்தது. உங்கள் மருத்துவர் அப்பாவை வெளியே உட்காரச் சொன்னது இதனால்தான். நோயாளிகள் தாமாகச் சொல்வதில்லை, கூச்சம்.

கூட்டல்கழித்தல் எழுதியது:

ரம்மி ஆட்டத்தின் அமைப்பையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நிச்சயமாக வரும் பரிசுக்குப் பிழை இல்லை, ஒருபோதும் வராததற்கும் இல்லை. வருமா வராதா என்று தெரியாத ஆட்டத்தில் ஒவ்வொரு வெற்றியும் புதிதாகவே வந்துகொண்டிருக்கும், எதிர்பார்ப்பு அதை ஒருநாளும் முழுதாக எட்டிப் பிடிக்காது. கூட்டல் நடக்கிறது, கழித்தலை மருந்து அழித்துவிடுகிறது என்றால் எதிர்பார்ப்பு எண் ஏறிக்கொண்டேதான் போகும். நிரலில் இப்படி ஒரு வழு இருந்தால் சோதனையில் முதல் நாளே பிடித்துவிடுவோம்.

தாமிரபரணிக்கரை எழுதியது:

இதை நேற்று இரவு அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு வாரமாக நான் பணத்தைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஆப்பிள் துண்டு வந்த இடத்தில் மறுபடியும் படி என்றார். பிறகு, "தோத்தது எனக்கு ஞாபகமே இருக்கலடா, பாஸ்புக்குல நீ காட்டினதும்தான் இவ்வளவா போச்சுன்னு தெரிஞ்சுது" என்றார். அவர் பொய் சொல்கிறார் என்று என் அம்மா இதுவரை நினைத்திருந்தார்.

மருத்துவரிடம் தொலைபேசியில் பேசிவிட்டேன். பிரமிபெக்சோலைப் படிப்படியாகக் குறைக்கலாம், வியாழக்கிழமை நேரில் வாருங்கள் என்றார். இன்றே நிறுத்திவிடட்டுமா என்று அம்மா கேட்கிறார்.

நுண்நோக்கி எழுதியது:

தயவுசெய்து நீங்களாக நிறுத்த வேண்டாம். இந்த வகை மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் கடும் பதற்றம், மனச்சோர்வு, வியர்வை, அந்த மாத்திரைக்கான ஏக்கம் எல்லாம் வரக்கூடும், நடையும் தடுமாறும். வியாழன் வரை அதே அளவில் இருக்கட்டும். அதுவரை செயலியை நீக்கிவிட்டு, வங்கிக் கணக்கில் தினசரி வரம்பு வைத்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

ஒரு நோட்டில் ஒவ்வொரு மாத்திரையும் விழுங்கிய நேரம், நடை இலகுவான நேரம், மறுபடி கால் தரையில் ஒட்டிக்கொண்ட நேரம் மூன்றையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். லெவோடோபாவின் அளவை மாற்றுவதா, இடைவெளியை மாற்றுவதா என்று முடிவு செய்ய மருத்துவருக்கு அது உதவும்.

தாமிரபரணிக்கரை எழுதியது:

நோட்டை அப்பாவே எடுத்துக்கொண்டார். இன்றைய முதல் வரி: காலை 6.40 மாத்திரை, 7.25க்குக் கால் இலகுவானது, 10.15க்கு வாசற்படியில் கால் நின்றுவிட்டது. எழுத்து சிறுத்துச் சிறுத்து வரிக் கடைசியில் எறும்பு போல ஆகிறது, ஆனாலும் படிக்க முடிகிறது.